ஆம்ப் வாங்குமுன் கரண்ட்டைப் பாருங்கள்

மதுரையில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக வாசிக்க வரும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்?" என்பதுதான். வீடியோக்களை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு, சேர்த்து வைத்த பணத்தோடு வருகிறார்கள். 100 வாட்ஸ் என்று மனதுக்குள் பாதி முடிவாகியும் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு. எந்த மேடையில வாசிக்கப் போற? அங்க கரண்ட் எங்கேயிருந்து வருது? மைக் செட் யாரோடது? மிக்ஸர்ல உனக்குன்னு ஒரு லைன் தருவாங்களா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஆம்ப் என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும். வாட்ஸ் கணக்கு அதற்கப்புறம்தான்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. மேடை ஆம்ப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு கிளப்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நூறு பேர் கொள்ளும் அறை, சுவரில் ஒழுங்காக எர்த் கொடுத்த பிளக், பாடகருக்கு மட்டும் இரண்டு பாக்ஸ். நம்ம ஊர்க் கச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பங்குனி பிறந்தால் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான், திருப்புவனம் என்று திருவிழாக் கச்சேரிகள். ஊர் மந்தையிலோ அறுப்பு முடிந்த வயலிலோ மேடை. முகூர்த்த நாளென்றால் மண்டபத்தில் ரிசப்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச். நடுவில் கல்லூரி விழாக்கள். ஒரே கிட்டார்காரர் ஒரே செட்டைத் தூக்கிக்கொண்டு இத்தனை இடத்துக்கும் போகிறார். எல்லா இடத்துக்கும் ஒத்துவருகிற செட் எது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் வாட்ஸைப் பேசி முடித்துவிடுவோம். 50 வாட்ஸ் ஆம்பை மாற்றி 100 வாட்ஸ் வாங்கினால் கிடைக்கிற கூடுதல் சத்தம் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கரின் திறனும் இதில் சேரும். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் 97 டெசிபல் தருகிற ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் தருகிற ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கிய பலன் அங்கேயே வந்துவிடும். ஆம்பின் முகப்பில் வாட்ஸ்தான் பெரிதாக அச்சாகிறது. ஸ்பீக்கரின் எண் பின்பக்கக் காகிதத்தில்கூடப் பல நேரம் இருப்பதில்லை.

அடுத்தது தூரம். சுவரும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் விழும். உங்கள் ஆம்ப் 1 மீட்டரில் 110 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்றால் காது வலிக்கும். 4 மீட்டரில் அது 98. 16 மீட்டரில் 86. 32 மீட்டர் தள்ளி, புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 80. அதே இடத்தில் மைக் செட்டின் சப்பும் டாப்பும் அதைவிடப் பல மடங்கு அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஆம்ப் எவ்வளவு முக்கினாலும் அவருக்குக் கேட்காது. ஆனால் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளின் காதைப் போய்க் குத்தும்.

பெரிய ஆம்புகள் பிறந்த காலத்தில் அவற்றுக்கு அவசியம் இருந்தது. ஜிம் மார்ஷல் 1962-இல் லண்டனில் ஆம்ப் செய்யத் தொடங்கியபோது கிட்டார் சத்தத்தை மிக்ஸருக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. பாடகருக்குத்தான் மைக். கூட்டம் பெரிதானால் ஆம்பும் பெரிதாக வேண்டும். 1965 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். அவர்களுக்காக வாக்ஸ் கம்பெனி 100 வாட்ஸ் ஆம்ப் செய்து கொடுத்திருந்தது. அப்படியும் கூட்டத்தின் கூச்சலில் வாசித்தவர்களுக்கே தங்கள் வாசிப்பு சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஒலிபெருக்கி அமைப்பும் மேடை மானிட்டரும் வளர்ந்தன. ஆம்பின் முன்னால் மைக்கை வைத்து மிக்ஸருக்கு அனுப்பும் முறை வந்தது. அன்றிலிருந்து சனத்துக்குக் கேட்க வைப்பது மைக் செட்டின் பொறுப்பு. மேடையில் இருக்கும் ஆம்ப் உங்களுக்கும், பக்கத்தில் நிற்கும் கீஸ்காரருக்கும், ரிதம் பேட்காரருக்கும் கேட்டால் போதும். இந்த வேலைக்கு 30 முதல் 50 வாட்ஸ் வரை உள்ள சாலிட் ஸ்டேட் ஆம்ப் தாராளம். வால்வ் ஆம்பென்றால் 15 முதல் 22 வாட்ஸ்.

சின்ன ஆம்பே போதும் என்றால் ஏன் எல்லா மேடையிலும் "எனக்கு நான் வாசிக்கிறதே கேக்கல" என்ற புகார்? ஆம்ப் தரையில், உங்கள் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர் ஒலியின் கூர்மையான பகுதியை டார்ச் லைட் மாதிரி நேராக முன்னால் வீசும். பக்கவாட்டிலும் மேலேயும் மந்தமான பகுதிதான் வரும். உங்கள் காதில் விழுவது மந்தமான சத்தம். ட்ரெபிளைத் திருகுவீர்கள். முழங்கால் தாண்டிப் போகும் அந்தக் கூர்மை நேராகப் பாடகியின் முதுகிலும் முதல் வரிசையிலும் போய் விழும். ஆம்பைப் பின்னால் சாய்த்து வையுங்கள், அல்லது பந்தல்காரரிடம் ஒரு மரப் பெட்டியோ இரும்பு நாற்காலியோ கேட்டு அதன்மேல் ஏற்றுங்கள். ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வால்யூமை நீங்களாகவே குறைப்பீர்கள்.

இப்போது கரண்ட். இந்தப் பதிவில் வேறெதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படித்துவிடுங்கள்.

திருவிழா மேடைக்குக் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சீரியல் செட்டுக்கும் டியூப் லைட்டுக்கும் ஒரு ஜெனரேட்டர், மைக் செட்டுக்கு இன்னொன்று, மேடை ஓரத்து ஃபேனுக்கும் செல்போன் சார்ஜருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த ஒரு வயர். கிட்டார்காரர் பெரும்பாலும் கடைசியாக மேடை ஏறுவார். கையில் கிடைக்கிற ஜங்ஷன் பாக்ஸில் ஆம்பைச் சொருகுவார். அந்த பாக்ஸில் மூன்றாவது ஓட்டை இருக்கும். உள்ளே எர்த் வயர் இருக்காது. ஆம்பில் லேசான கசிவு இருந்தால் அது கிட்டார் வயரின் வெளிச்சுற்று வழியாகக் கம்பிகளுக்கு வரும். மைக்கோ வேறு ஜெனரேட்டரில் ஓடும் மிக்ஸரோடு கட்டப்பட்டிருக்கிறது. கை கம்பியில் இருக்க, கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைத்தால் சுருக்கென்று இழுக்கும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற எல்லாருக்கும் இந்தச் சுருக் தெரியும். பழகிப்போய்ச் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பாடுகிறார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை இது.

1972 மே 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். நான்கு வருடம் கழித்து யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத கிட்டாரை வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்போது இறந்தார். இரண்டு பேருமே அனுபவசாலிகள். சித்திரை, வைகாசி வெக்கையில் நம் சட்டையும் கையும் வேர்வையில் நனைந்திருக்கும். மேடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்திருப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுவோம். ஷாக் அடிக்க இதைவிட வசதியான நிலைமை கிடையாது.

அதனால் கிட்டார் பையில் பிக், கேப்போ வைக்கிற இடத்தில் ஒரு லைன் டெஸ்டரும் ஒரு சின்ன மல்டிமீட்டரும் இருக்கட்டும். ஆம்பை ஆன் செய்து, கிட்டாரைச் சொருகி, மைக்கைத் தொடுவதற்கு முன்னால் டெஸ்டரைக் கம்பியில் வையுங்கள். பிறகு மைக்கின் வலையில் வையுங்கள். எதில் எரிந்தாலும், மங்கலாக எரிந்தாலும், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் போட்டு ஒரு முனையை மைக்கிலும் இன்னொரு முனையைக் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த பிளக்கில் வாசிக்காதீர்கள். மைக் செட்காரரிடம் போய், "அண்ணே, உங்க மிக்ஸர் ஓடுற பாக்ஸ்லயே எனக்கு ஒரு பாயின்ட் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். மிக்ஸரும் ஆம்பும் ஒரே பாக்ஸில், ஒரே எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த எர்த் நிஜமாகவே மண்ணுக்குப் போகிறதா என்பது அடுத்த கேள்வி. ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கம்பியை அடித்து ஈர மண்ணில் இறக்கச் சொன்னால் நல்ல எலக்ட்ரீஷியன் மறுக்க மாட்டார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கட் ஆகும் ஆர்சிசிபி போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாகச் செய்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கார்ட்லெஸ் மைக்கில் மெயின்ஸ் கரண்ட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாததால் உதட்டு ஷாக் என்ற பேச்சே இல்லை. பாடும் கிட்டார்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஹம் சத்தம் வருகிறதென்று சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், காப்பும் அதோடு போய்விடும். ஹம் போக வேறு வழி இருக்கிறது. கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆடியோ வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். சிங்கிள் காயில் பிக்கப் வைத்த கிட்டாரென்றால் சீரியல் செட்டின் டிம்மரும் எல்இடி வாலும் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் தனி. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் இந்த வகை இரைச்சலை அடக்கத்தான் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி ஹம்பக்கரை உருவாக்கினார். லைட் செட்டுக்குப் பக்கத்தில் வாசிக்க வேண்டியிருக்கும் மேடைகளுக்கு நான் ஹம்பக்கர் கிட்டாரைத்தான் எடுத்துப் போகிறேன்.

வோல்டேஜ் இன்னொரு தலைவலி. ராத்திரி எல்லா லைட்டும் எரியும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் நன்றாகக் கீழே போய்விடும். மும்முனை இணைப்பில் எங்காவது நியூட்ரல் கட்டானால் ஒரு பக்கம் 400-ஐ நெருங்கும். ஒரே நொடியில் டிவியும் ஃபேனும் புகைந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ள கருவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளித்துக்கொள்ளும். வோல்டேஜ் விழுந்தாலும் அவை கண்டுகொள்ளாது. பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வால்வ் ஆம்புக்கு வோல்டேஜ் விழுந்தால் டோனே மாறிவிடும், ஏறினால் உயிரே போய்விடும். ஹை கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் இல்லாமல் கிராமத்து மேடையில் எதையும் சொருக வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த 120 வோல்ட் ஆம்ப் வீட்டோடு இருக்கட்டும்.

கரண்ட் முடிந்தது. அடுத்து பாட்டு. நம் கச்சேரியில் ஒரே ராத்திரியில் ஐம்பது வருடப் பாட்டு வாசிக்கிறோம். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டில் டிரெமலோ, வா-வா பெடல். அடுத்து மூடுபனி படத்தில் யேசுதாஸ் பாடிய 1980-ஆம் வருடத்துக் கிட்டார் பாட்டு, 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் கிட்டார் பாட்டு. இந்த இரண்டும் இல்லாமல் மதுரைப் பக்கம் எந்த மேடையிலிருந்தும் இறங்க விடமாட்டார்கள். இசையமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர், 1996 வரை அந்த ஊரும் மதுரை மாவட்டம்தானே. இளையராஜாவே சலில் சௌத்ரி போன்றவர்களிடம் கிட்டார் வாசித்தவர். அவர் எழுதிய கிட்டார் பகுதிகளில் விரல் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க வேண்டும். லேசாகக்கூடக் கரகரக்கக் கூடாது. அது முடிந்த கையோடு ரஹ்மான் பாட்டு, பிறகு முழு டிஸ்டார்ஷனில் அனிருத் பாட்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கிடைப்பது அறிவிப்பாளர் பேசுகிற நேரம் மட்டும்.

இந்தத் தேவைக்கு ஒரே ஒரு குரல் கொண்ட ஆம்ப் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் போதாது. ரோலண்ட் 1975-இல் கொண்டுவந்த ஜேசி-120 மாதிரி ஆம்பில் சுத்தமான டோன் அருமையாக இருக்கும். இரண்டு 60 வாட்ஸ், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், கோரஸைப் போட்டால் மேடையே விரியும். எடை சுமார் 28 கிலோ. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட்ஸ், அதுவும் ஏறக்குறைய அதே எடை. வாக்ஸ் ஏசி-30 அதற்கும் மேல். குட்டியானை வண்டியில் சப்புக்கும் டாப்புக்கும் நடுவில் இடம் பிடித்து, செம்மண் ரோட்டில் குலுங்கி, விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பி வீட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். வால்வ் ஆம்ப் மேல் எனக்கு ஆசை உண்டு. அதன் டோன் விரலோடு பேசுவதை வேறெதிலும் இன்னும் முழுதாக நான் கேட்கவில்லை. ஆனால் வால்வுகள் இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலிருந்துதான் வருகின்றன. கச்சேரிக்கு முந்தின நாள் ஒன்று போனால் மதுரைக் கடைவீதியில் உடனே கிடைக்கும் பொருள் இல்லை. கரண்ட் நிலவரம் தெரிந்த கல்லூரி அரங்கத்துக்கும் ரெக்கார்டிங்குக்கும் வால்வ் ஆம்பை எடுத்துப் போவேன், வயல் மேடைக்கு எடுத்துப் போகமாட்டேன்.

அதனால்தான் நம்ம பக்கம் கிட்டார்காரர்கள் பலரும் மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸருக்கு மாறிவிட்டார்கள். லைன் 6, பாஸ், ஜூம், நக்ஸ், வேலிட்டன், மூவர் என்று எந்த விலைக்கும் இருக்கிறது. காலால் மிதித்தால் அடுத்த பாட்டின் டோன் தயார். எடை ஒன்றிரண்டு கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உசிலம்பட்டி போய் வந்துவிடலாம். இன்னொரு பலனை யாரும் பேசுவதில்லை. ப்ராசஸரை நேரே மிக்ஸரில் சொருகும்போது கிட்டாரின் கிரவுண்டும் மைக்கின் கிரவுண்டும் அதே மிக்ஸரில் சேர்ந்துவிடுகின்றன. மேலே சொன்ன உதட்டு ஷாக்குக்குப் பாதி வைத்தியம் அதிலேயே ஆகிவிடும். மிக்ஸருக்கே எர்த் இல்லையென்றால் அதற்கு இதுவும் பதில் சொல்லாது. டெஸ்டர் பையில் இருக்க வேண்டியதுதான்.

ப்ராசஸர் வாங்கினவர்களின் குறை ஒன்றே ஒன்று: "வீட்டுல ஹெட்ஃபோன்ல பிரமாதமா இருந்துச்சு, மேடையில ஈ மொய்க்கிற மாதிரி இருக்கு." கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் உறுத்தலான பகுதியை அதுதான் இத்தனை காலம் வெட்டிக்கொண்டிருந்தது. மைக் செட்டின் டாப் பாக்ஸில் இருக்கும் ஹார்ன் அப்படியில்லை, பாடகியின் 'ஸ' வரை தெளிவாகக் கொண்டுவர அமைக்கப்பட்டது. ப்ராசஸரில் ஆம்ப் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வெட்டித் தரும் கேபினெட் சிமுலேஷனை ஆன் செய்யாமல் நேரே அனுப்பினால் அந்த உறுத்தல் முழுதும் ஊருக்கே கேட்கும். மிக்ஸருக்குப் போகும் லைனில் கேபினெட் ஆன். அதே ப்ராசஸரை ஆம்பில் சொருகினால் கேபினெட் ஆஃப், ஏனென்றால் ஆம்பில் நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டுமென்றால், ஒரு வெளியீட்டில் கேபினெட் ஆனிலும் இன்னொன்றில் ஆஃபிலும் வைக்க முடிகிற ப்ராசஸராகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்பது முக்கியமில்லை.

மைக் செட்காரரோடு உறவு. அவர்தான் உங்கள் கிட்டார் கடைசி வரிசைக்குப் போகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர். பத்துப் பாடகர், தவில், பேட், இரண்டு கீஸ் என்று அவருக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. போன உடனே வணக்கம் சொல்லி, "அண்ணே, கிட்டாருக்கு ஒரே லைன்தான். மோனோ. டிஐ பாக்ஸ் என்கிட்டயே இருக்கு, உங்க எக்ஸ்எல்ஆர் வயர் ஒண்ணு குடுத்தாப் போதும்" என்று சொன்னால் அவர் முகம் மலரும். மேடையிலிருந்து மிக்ஸர் 30 மீட்டர் தள்ளி இருக்கும். கிட்டார் பின் போட்ட சாதாரண வயர் 6 மீட்டரைத் தாண்டினாலே கூர்மை குறைந்து, லைட் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். டிஐ பாக்ஸ் அந்த சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றி, அத்தனை தூரமும் சுத்தமாகக் கொண்டுபோகும். அதே மிக்ஸரில் 48 வோல்ட் ஃபான்டம் ஆனில் இருக்கலாம். சில ப்ராசஸர்களின் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டுக்கு அது ஆகாது, முன்கூட்டியே கையேட்டைப் பார்த்துவிடுங்கள். நடுவில் டிஐ பாக்ஸ் இருந்தால் பயமில்லை.

ஆம்புக்கு மைக் வைக்கிற மேடையானால், 1965-லிருந்து உலகம் முழுக்க அதற்கு ஷ்யூர் எஸ்எம் 57 இருக்கிறது; நம் மைக் செட்டுகளிலும் அதையோ அதன் சாயலில் ஒன்றையோ வைத்திருப்பார்கள். துணிக்கு இரண்டு விரல் தள்ளி, ஸ்பீக்கரின் நடு வட்டம் முடிகிற ஓரத்தைக் குறிபார்த்து வையுங்கள். நடுவில் வைத்தால் குத்தும், விளிம்புக்குப் போனால் மந்தமாகும். பல இடத்தில் மைக்கை ஆம்பின் மேல் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்களே குனிந்து திருப்பி வைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மண்டபம் வேறு மாதிரி. டைல்ஸ் தரை, வழுவழுப்பான சுவர், தகரக் கூரை என்றால் எந்தச் சத்தமும் போய்த் திரும்பி வந்து மோதும். அங்கே ரிவெர்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், மண்டபமே ரிவெர்ப் போட்டுத் தரும். சர்ச்சில் பெரும்பாலும் சத்தமில்லாத மேடையைத்தான் விரும்புகிறார்கள். 2016-இல் வந்த பாஸ் கட்டானா மாதிரியான ஆம்பில் சக்தியை அரை வாட்ஸ் வரை இறக்கும் திருகு இருக்கிறது. அதே ஆம்பை சனிக்கிழமை மண்டபத்தில் 50-லும் ஞாயிறு ஆராதனையில் அரையிலும் வைத்து வாசிக்கலாம். எடையும் பன்னிரண்டு கிலோவுக்குள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம். போலீஸ் அனுமதியிலும் மணி எழுதியே வருகிறது. சாமி ஊர்வலம் முடிந்து மேடை கிடைக்க ஏழரை எட்டு ஆகிவிட்டால் சவுண்ட் செக் என்பது ஒரு பாட்டின் பல்லவிதான். சிக்கலான செட்டைக் கட்டிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. கிட்டார், ஒரு வயர், ப்ராசஸர், ஒரு வயர், டிஐ பாக்ஸ். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் இருட்டிலேயே சொருகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, தம்பி, பணத்தை இப்படிச் செலவு செய்யச் சொல்வேன். முதலில் நல்ல வயர் இரண்டு, டெஸ்டர், மல்டிமீட்டர், டிஐ பாக்ஸ். அடுத்து கேபினெட் சிமுலேஷன் உள்ள ப்ராசஸர். இதோடு ஒரு சீசன் முழுக்க வாசித்துவிடலாம். மேடையில் மானிட்டர் பாக்ஸ் கேட்டு வாங்கிக்கொள். பல ஊரில் மானிட்டரே இருக்காது, இருந்தாலும் அதில் பாடகர் குரல் மட்டும்தான் வரும். அந்தச் சிரமம் பழகின பிறகு 30 முதல் 50 வாட்ஸ் வரை ஒரு சாலிட் ஸ்டேட் காம்போ வாங்கு. அதைச் சாய்த்து வைத்து உனக்கு மட்டும் கேட்க வை. சனத்துக்குப் போவது டிஐ லைன் வழியாகவே போகட்டும். ஆம்ப் நடுவில் நின்றுபோனாலும் கச்சேரி நிற்காது. மைக் செட் லைன் போனாலும் உன் கையில் சத்தம் இருக்கும். காதையும் பார்த்துக்கொள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. தவிலுக்கும் சப்புக்கும் நடுவில் மூன்று மணி நேரம் நிற்கப் போகிறவன் நீ. மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு பிளக்காவது மாட்டிக்கொள்.

ப்ராசஸரில் டோன் அமைப்பதை மட்டும் வீட்டில் ஹெட்ஃபோனோடு முடித்துவிடாதே. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகப் படும். அதனால் இரண்டையும் கூட்டி வைத்திருப்பாய். மேடைச் சத்தத்தில் அது பொம்மென்றும் கீச்சென்றும் வெளிவரும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் ஒரு பகல் நேரம், தெரிந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கேட்டு, அவர் குடோனில் ஒரு டாப் பாக்ஸில் சொருகி, கச்சேரிச் சத்தத்தில் ஒவ்வொரு டோனாகக் கேட்டுத் திருத்து. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் தவிலுக்கும் உரியது. மேலே ஐயாயிரம் ஆறாயிரத்தில் வெட்டு. சுத்த டோனும் டிஸ்டார்ஷனும் ஒரே அளவில் கேட்க வேண்டும்; லீட் வாசிக்கும் டோன் மட்டும் மூன்று நான்கு டெசிபல் மேலே இருக்கட்டும். அந்த அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய். எந்த டோன் எந்தப் பாட்டுக்கு என்று அவருக்கும் தெரிந்துவிட்டால், அடுத்த பங்குனியில் நீ லீட் தொடங்கும்போது அவர் கை தானாக ஃபேடருக்குப் போகும்.